கேசட்டில் வரும் நிலா

அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? கல் அறுக்கும் வேலை எனக்குப் பழகிவிட்டது. இந்த வருஷமும் லீவு கிடையாதாம்.

தங்கை மகள் கேட்டாளே என்று, அறையில் கூட இருக்கும் வெல்டரின் வீடியோ கேமராவை வாங்கி, மொட்டைமாடியில் நின்று நிலாவை எடுத்தேன். முதலில் வெறும் சுண்ணாம்பு உருண்டைதான் வந்தது. வெளிச்சத்தைக் குறைத்ததும் மேடுபள்ளமெல்லாம் தெரிந்தது. ஆனால் ஒரு நிமிஷம் நிற்காமல் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

"அதுவாச்சும் ஊர்ப்பக்கம் போகட்டும், விடுப்பா" என்றார் வெல்டர்.

வேலைக்கு வேன் வந்துவிட்டது. கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் கேட்கும் இருமல் வெல்டருடையது. அப்பாவுக்குக் கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரை எழுதுங்கள், வெல்டருக்குத்தான். ஒவ்வொரு இருமலுக்கும் நிலா ஏன் குலுங்குகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.