கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பறப்பவர்

டப்ளின்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். மழைதான் விடவே இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நன்றாகத் தூங்குகிறார்களா?

எங்கள் கார்ட்டூன் தொடரில் இந்த வாரம் பழைய தமிழ்ப்படச் சண்டை ஒன்றைக் கிண்டல் செய்தோம். இங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஹீரோ எப்படிப் பாய்வார், நடித்துக் காட்டு" என்றார்கள். எழுந்து நின்றால் எந்த நடிகரும் நினைவுக்கு வரவில்லை. கிறிஸ்மஸுக்கு நம் புக்கிட் பெலிம்பிங் வீட்டில் நீங்கள் ஹீரோ மாதிரி பாய்ந்து காட்டுவதுதான் வந்தது. இல்லாத கைலியை மடித்துக் கட்டினேன். இல்லாத கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் நீட்டி, "இத புடி லா, ஒடஞ்சா யாரு வாங்கித் தர்றது?" என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தேன்.

"உங்கள் ஹீரோக்கள் எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அதையே வரைந்தோம். நம் ஊர்ப் பக்கத்துத் தஞ்சோங் காராங் வயல்களுக்கு மேலே, கைலி விரிய, மிக மெதுவாகப் பறக்கிறீர்கள். வாய்க்கால் தண்ணீரில் உங்கள் நிழலும் கூடவே மிதக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். நீங்கள் தரையிறங்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கிண்டல் உங்களை அல்ல. நேற்று அந்தப் படத்தை முழுதாக முடித்துக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு சின்ன உதவி அப்பா. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா முன்னால் அதை ஒருமுறை செய்யுங்கள். குதிக்க வேண்டாம், கண்ணாடியைக் கழற்றினால் போதும். அம்மா சிரிப்பார்களே, அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். வேலைக்குத் தேவைப்படுகிறது, வேறொன்றுமில்லை.

பஸ் வந்துவிட்டது.

மகள்
முரியல்