நீ மூடிய குழிகள்

ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் இன்று வாங்கிய காட்டுவள்ளிக் கிழங்கு அடுப்பில் வேகிறது. தோலில் ஒட்டியிருந்த செம்மண்ணின் வாசனை வீடெங்கும் நிற்கிறது. விற்றவள் உன் அண்ணி. போன மழைக்காலத்திலேயே காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று இன்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக இந்த மடல்.

அதோ, தங்க ஆலையின் உலக்கைகள் கல்லை இடிக்கத் தொடங்கிவிட்டன. தண்ணீர்க் குடம் அதிர்கிறது. என் பிள்ளை எழுந்துவிட்டாளோ என்று பாதி வரியில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சென்னையில் கல்லூரி வரை படித்தவள் என்பதால் என்னைப் 'படிச்சம்மா' என்பாய். இவளை நான் சுமந்திருந்தபோது, குன்றில் இருந்த உங்கள் இருளர் குடிசைகளிலிருந்து கிழங்கு கொண்டுவருவாய். ஒருமுறை நானும் உன்னோடு தோண்ட வந்தேன். கிழங்கை எடுத்ததும், கொடியோடு அதன் தலையை மட்டும் குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தாய்.

"தோண்டினா மூடணும் படிச்சம்மா. பூமி வாயத் தொறந்துகினு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அந்த வாரம்தான் சுரங்கக் கம்பெனி ஆட்கள் உங்கள் குன்றில் தங்கம் தேடிச் சோதனைக் குழிகள் வெட்டினார்கள். மூடாமல் போனார்கள். நீங்கள் பெண்களாகச் சேர்ந்து எல்லாவற்றிலும் வள்ளித் தலை வைத்து மூடிவிட்டீர்கள்.

"இன்னா ஆளுங்களோ! அவுங்க அம்மா வளத்த லட்சணம். பாவம்னு நாங்களே மூடிட்டோம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

என் கணவர் கம்பெனியில் சர்வே குமாஸ்தா. மாலையில் செய்தியோடு வந்தார்.

"தொரை கொதிக்கிறாரு. வேணும்னே வேலையக் கெடுத்துட்டாங்களாம். குடிசைங்களப் பிரிக்கச் சொல்லிட்டாரு."

"அது அவங்க வழக்கங்க."

"நானும் சொன்னேன். சிரிச்சாரு."

நீங்கள் மூட்டைகளோடு இறங்கியபோது, போகிற இடத்தில் கிழங்கு கிடைக்குமா என்று கேட்டேன்.

"வெறும் கல்லுதான். கல்லத் தின்னப் பழகிட்டா நாங்களும் தொரைதான்!"

இப்போது உங்கள் குன்றில் சுரங்க ஷாஃப்ட் இறங்கியிருக்கிறது. தங்கம் அகப்படாத பள்ளங்களைச் சுற்றிலும் திறந்தே போட்டிருக்கிறார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். கதவைக் கொஞ்சம் விட்டால் அந்தப் பக்கம்தான் ஓடுகிறாள். நேற்று ஒரு பள்ளத்தின் விளிம்பில்தான் பிடித்தேன். அவளை இறுக்கிக்கொண்டு காலால் மண்ணைத் தள்ளினேன். அது அடியில் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

இன்று சந்தையிலிருந்து வந்ததும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, வள்ளித் தலையும் மண்வெட்டியுமாக அந்தப் பள்ளத்துக்குப் போனேன்.