ஜெபத்தில் செய்த பயிற்சி

ஜூலை 9, புதன்

பிரசவத்துக்குப் பிறகு சிரித்தாலே அக்காவுக்குச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடும்படி பாறசாலை பிசியோதெரபி சேச்சி சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக எண்ணுவது நான்தான்.

இன்று குன்னத்துகாலிலிருந்து அக்காவின் மாமியார் வந்திருந்தார். அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் வெட்கம். அதனால் மாலை ஜெபத்தில் முழங்காலிட்டபடியே செய்தோம். அவள் முதுகில் விரலால் தட்டி எண்ணினேன். மூச்சை அடக்கக் கூடாது என்பதை மறந்து, அக்கா முகம் சிவந்து கண்கலங்கினாள்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "ஆண்டவரே, எனக்க மருமவள மாதிரி உருகி ஜெபிக்க எனக்கும் கிருபை தாரும்" என்று உரக்க ஜெபித்தார்.

அக்கா வெடித்துச் சிரித்துவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று. போன வாரமென்றால் பாயையே நனைத்திருப்பாள்.

அவள் என் காதருகே குனிந்து, "ஒரு சொட்டு இல்ல மக்கா, சத்தியமாக்கும்" என்றாள்.

ஜெபத்தில் ஒருநாளும் வாய் திறக்காத நான், எல்லாருக்கும் முன்னால் சத்தமாக ஆமென் சொன்னேன்.