நீ சேர்த்த தண்ணீர்த் துளி

இன்று காலை இரத்தம் எடுக்க வந்த தாதி, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் என் முழங்கை மடிப்பைத் துடைத்தார். அந்தக் குளிர்ச்சியும் மணமும் ஆறுவதற்குள் நான் வன்னிக்குப் போய்விட்டேன். ஊசி குத்தியது தெரியவில்லை. நீ தெரிந்தாய்: கதிரை விளிம்பில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை உன் சோதனைக் கருவியின் குழாயில் பதித்தபடி.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் பாயும் பானையுமாகப் புறப்பட்டபோது, இரசாயன விரிவுரையாளனாகிய நீ ஒரு திரவத்தில் ஒளி எவ்வளவு முறிகிறது என்னும் முறிவுச்சுட்டியை அளக்கும் கருவியைச் சாரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாய். அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவை வழியிலேயே உடைந்துபோயிற்று. சட்டத்தரணியான என் சுமையைப் பார்த்து, "சட்டப் புத்தகமோ? அடுப்பெரிக்க உதவும், அப்புக்காத்தர்" என்று நக்கலடித்தாய்.

பொருளாதாரத் தடையினூடே, வன்னியில் நாம் தங்கிய ஊரின் சிற்றாஸ்பத்திரிக்கு ஸ்பிரிட் அரிதாகவே வந்தது. வந்தும் காயங்கள் சீழ்ப்பிடித்தன. களஞ்சியக்காரன் கருப்பையா பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் கலக்கிறான் என்று கதை கிளம்பியது. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து குடியேறியவர் அவர். ஆஸ்பத்திரி வளவிலிருந்த குடிசையில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். குற்றம் உறுதியானால் வேலையும் குடிசையும் ஒன்றாகப் போகும். விசாரணையில் அவருக்காகப் பேச என்னையும், ஸ்பிரிட்டைச் சோதிக்க உன்னையும் அழைத்தார்கள்.

"தோட்டத்தாக்களுக்குச் சாராயம் தாய்ப்பால் மாதிரி. ஸ்பிரிட்டை விடுவாங்களோ?" என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகத் தலைவர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் தொட்டதில்லீங்க, ஐயா. சாவி மட்டுந்தாங்க ஏங்கிட்ட" என்றார் கருப்பையா.

பாவனைக்குத் திறந்திருந்த போத்தலிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடியில் இட்டுப் பார்த்தாய். "சுத்த அற்ககோலின்ரை சுட்டிதான்" என்றாய். கருப்பையா உன்னை நோக்கிக் கைகூப்பினார்.

நான் உன் காதருகே குனிந்தேன். "இவ்வளவு காணும். கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு. கருவியை மூடு."

"பொறடா" என்றாய். பிறகு சபையைப் பார்த்து, "பாதிக்குப் பாதி தண்ணி கலந்தாலும் கிட்டத்தட்ட இதே சுட்டிதான் வரும்" என்றாய்.

தலைவர் நிமிர்ந்தார். "அதெப்பிடி மாஸ்டர்? தண்ணி கூடக் கூடக் குறையத்தானே வேணும்?"

"ரெண்டும் சும்மா பக்கத்திலை பக்கத்திலை இருக்கிறேல்லை. மூலக்கூறுகள் ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிக்கும், கலவை ஒடுங்கும். அதாலை தண்ணி சேரச் சேரச் சுட்டி முதல்லை ஏறும். உச்சிக்குப் போய்த்தான் இறங்கும். இறங்கேக்கை தொடங்கின இடத்தைத் திரும்பத் தாண்டும். இதுக்குள்ளை கொஞ்சம் தண்ணி விடுவம். சுத்தமெண்டால் ஏறும். பாதியெண்டால் இறங்கும்."

ஏறும் என்று நீ நம்பினாய். அந்த மனிதர்மீது சந்தேகத்தின் நிழல்கூட எஞ்சக்கூடாது என்று விரும்பினாய். துளிக்குழாயால் தண்ணீர் சேர்த்துக் கலக்கினாய், மீண்டும் குனிந்தாய். கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு துளி இட்டுப் பார்த்தாய்.

"இறங்குது" என்றாய்.

கலந்திருக்கிறது என்பதைத்தான் கருவி காட்டுகிறது, கலந்த கையைக் காட்டவில்லை என்று நான் வாதாடினேன். முத்திரை உடைக்காத போத்தல்களையும் சோதிக்கும்படி நீ மன்றாடினாய். "உடைச்சால் ஆர் பொறுப்பு?" என்று தலைவர் எழுந்துவிட்டார். அன்று பொழுது சாயுமுன் குடிசை வெறுமையானது.

மாதங்கள் கழித்து அந்தப் போத்தல்கள் பாவனைக்கு வந்தன. முத்திரை உடைத்த கையோடு ஒவ்வொன்றையும் சோதித்தாய். ஒவ்வொன்றிலும் சுட்டி இறங்கியது. வந்து சேருமுன்னரே எங்கோ எவரோ கலந்திருக்கிறார்கள். தலைவரிடம் ஓடினாய்.

"விளங்குது, மாஸ்டர். ஆனா புது ஆளைப் போட்டாச்சு. பெடியன் எங்கடை பகுதி" என்றார் அவர்.

கருப்பையாவைத் தேடி நாம் இருவரும் சைக்கிளில் துணுக்காய்க்குப் போனோம். காட்டோரக் கொட்டிலில் கருப்பையாவின் மனைவி மட்டும் வெளியே வந்தார். கணவருக்கு மலேரியா வந்தது என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேங்க. கள்ளன்னு சொன்ன எடத்துக்குச் செத்தாலும் வரமாட்டேன்னாரு. செத்துட்டாருங்க."

போத்தல்களைப் பற்றி நீ சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் உன்னிடம் கோபமின்றிக் கேட்டார்: "அந்தத் தண்ணிய ஊத்தாம இருந்திருக்கலாமேங்க, ஐயா?"

திரும்பும் வழியில் குளக்கட்டில் இறங்கிச் சைக்கிளை உருட்டும்போது, "அவர் சுத்தம் எண்டு காட்டத்தான்ரா விட்டனான்" என்றாய். அதன்பின் கருவியைச் சாரத்திலிருந்து நீ அவிழ்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் வவுனியாவில் உன் இதயம் நின்றபோதும் அது அப்படியே உன் கட்டிலின் கீழ் இருந்தது.

இந்த வயதிலும் நான் நீதிமன்றம் போகிறேன். சாட்சி என் கட்சிக்காரருக்குச் சாதகமாக ஒரு விடை சொன்னதும், வேறு கேள்விகள் இல்லை என்று அமர்ந்துவிடுகிறேன். இளைய சட்டத்தரணிகள் அதை என் திறமை என்கிறார்கள். அது திறமையல்ல, துணுக்காயில் அந்தப் பெண் உன்னிடம் கேட்ட கேள்வி. விடை உண்மைதானா என்று நான் பார்ப்பதில்லை. என் ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நான் அமரும்போதெல்லாம், துளிக்குழாயை ஏந்திய உன் கை எனக்கு எதிரே உயர்ந்து நிற்கிறது. அதை நான் இறங்கவிடுவதில்லை.