முப்பது மீட்டர்

நேற்று உன் அம்மா, உன் ஸ்டீரிங்கையும் பெடலையும் அரிசிச் சாக்கில் சுற்றி என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே கையுறை. மூக்கருகே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. கழுத்து வலிக்கு நீ தேய்க்கும் தைலத்தின் வாடை அறை முழுக்க அடித்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கையுறையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓட்டும் ரேசுக்குக் கையுறை போட்டவள் நீ. "வேர்வையில கை வழுக்கினா பின்னால வாரவனுக்கு என்ன ஆகும்?" என்பாய். பின்னால் வருபவன் ஜொகூரில் தன் வீட்டு நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பான். அவனுக்காகக் கையுறை மாட்டியவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டத் தோன்றவில்லை.

மூன்று சீசன் நாம் இருவரும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினோம். பாதி ரேஸ் கோப்பெங்கில் உன் வீட்டுப் பின்னறையிலிருந்து நீ; மீதி பத்து காஜாவில் என் சாப்பாட்டு மேசையிலிருந்து நான். வார நாட்களில் நீ ஜெலாப்பாங் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர். பெல்ட் போடாதவனை நடுவழியில் இறக்கிவிடுவாய். நான் கிளினிக் கவுண்ட்டரில் நம்பர் கூப்பிடுகிறவள். "ரெண்டு பொம்பளைங்களா?" என்று ஹெட்போனில் சிரித்தவர்களையெல்லாம் பின்னால் தள்ளி, மேல் பிரிவுக்குப் போக ஒரே ஒரு ரேஸ்தான் பாக்கி என்ற இடத்துக்கு வந்திருந்தோம்.

அந்த ரேஸில், டயர் மாற்றி எண்ணெய் போட ஒதுங்கும் பிட் பாதையை நான் தவறவிட்டேன். இன்னொரு சுற்றுக்கு எண்ணெய் தாங்காது. பாதையின் வாய் எனக்குப் பின்னால் முப்பது மீட்டரில் இருந்தது. காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டி உள்ளே நுழைந்துவிட்டேன். யார் மேலும் மோதவில்லை. ரேஸ் நடத்துகிறவர்கள் கண்ணிலும் படவில்லை. நாலாவதாக முடித்தோம், மேல் பிரிவுக்கு அது போதும். நான் இங்கே குதித்துக்கொண்டிருந்தேன்.

நீ குதிக்கவில்லை. "என்னடி பண்ணின? வாரவன் மூஞ்சிக்கு நேரா போயிருக்கடி."

"முப்பது மீட்டர்லா. யாருக்கும் ஒன்னும் ஆகலயே."

"ஆகல. அதுக்காக?"

அன்று மாலையே நம் கார் மேல் நீயே புகார் கொடுத்தாய். வீடியோவை வெட்டி, நிமிடம் குறித்து அனுப்பினாய். நம்மைத் தகுதி நீக்கம் செய்தார்கள். மூன்று சீசன் உழைப்பு மண்ணாகப் போனது. "துரோகி" என்று உனக்கு மெசேஜ் போட்டேன். நீ கூப்பிட்டாய், எடுக்கவில்லை. பதினோரு நாள் எடுக்கவில்லை. நீயாக வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் உன் அம்மா கூப்பிட்டார்.

அன்று ஞாயிறு. தேங்காய்ப்பால் வாங்க ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போனாயாம். உங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே வந்தால் பெரிய சாலை. கடை வலப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் வண்டிகள் போக வேண்டியது இடப்பக்கம். முறையாகக் கடைக்குப் போக இரண்டு யு-டர்ன் எடுக்க வேண்டும். தாமானில் யாரும் எடுப்பதில்லை. நீயும் எடுக்கவில்லை. அங்கே ரப்பர் தோட்டம் இருந்தபோது உன் அம்மா பால் வாளியோடு நடந்த வழி அது. இன்றைக்கும் அவர் கண்ணுக்கு அது லாரி போகும் சாலையாகத் தெரியவில்லை. "அவ கடைக்குத்தானே போனா, ரோட்டுக்கா போனா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

உன்மேல் மோதிய லாரிக்காரன் மேல் தப்பே இல்லை. அவன் தன் வழியில் வந்தான். வருகிறவன் மூஞ்சிக்கு நேராகப் போனவள் நீ. திரையில் முப்பது மீட்டர் போனதற்கு என்னைக் காட்டிக்கொடுத்தாயே, உன்மேல் நான் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? எனக்குச் சொன்னதெல்லாம் உனக்குக் கிடையாதா? அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளாவது நான் ஃபோனை எடுத்திருந்தால், நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான், அதுவும் எனக்குத் தெரியும்.

இன்று காலை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கைக்கு வேறு எதுவும் அகப்படாதது போல உன் கையுறையைத்தான் மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தேன். அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று தாமான் வாசலில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு மோட்டார்க்காரர் வலப்பக்கம் கை காட்டினார்.

"இப்படியே போங்கலா. கடை அதோ தெரியுதே. எல்லாரும் இப்படித்தான் போறோம்."

"எல்லாரும் போய்த்தான் ஒருத்தி செத்தா!" என்று கத்திவிட்டேன்.

இடப்பக்கம் திரும்பினேன். முதல் யு-டர்ன் வரைக்கும் உன்னைத் திட்டினேன். இரண்டாவது வரைக்கும் திட்டினேன். அடுத்த ஞாயிறும் இதே வழியில்தான் போவேன், இப்படித்தான் திட்டுவேன்.

கடைக்குப் போய்ச் சேர எட்டு நிமிடம் ஆனது. அவ்வளவுதான்டி. எட்டே எட்டு நிமிடம்.