நிறுத்தத் தெரியாத மெட்டு

டனிகால், ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

சின்ன வயதில் எனக்கு வாங்கித் தந்தீர்களே, அதே வயலினில் இப்போது பிரீஜ் அக்காவிடம் ஃபிடில், அதாவது இந்த ஊர் நாட்டுப்புற வாசிப்பு, கற்கிறேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பஸ்ஸை ஓட்டுபவர் அவர்தான்.

நேற்று என்னை வயலினோடு, நான் வழக்கமாகப் போகும் பப்புக்கு அழைத்துப் போனார். ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப நீ ஆரம்பி, ஷினேட்" என்றார் பிரீஜ் அக்கா. ஆரம்பித்தவர் நிறுத்தும்வரை மற்றவர்களும் விடாமல் வாசிப்பது இங்கே வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை எடுத்தேன். அது முடியும் இடத்திலேயே மறுபடி தொடங்கும். சுற்றிச் சுற்றி வந்தது. புல்லாங்குழல்காரர் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது.

"ஏம்மா, நிறுத்தித் தொலையேன்!" என்று கத்தினார் பிரீஜ்.

"எப்படி நிறுத்துறதுன்னு நீங்க இன்னும் சொல்லித் தரலையே அக்கா!"

கடைசியில் பப் முதலாளி டோனல் வந்து என் வில்லைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னொரு சுத்து போனா புல்லாங்குழல் செத்துரும், தாயி. ஆமா, உன் பேரென்ன?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். இத்தனை மாதமாக அங்கே மூலையில் உட்கார்ந்து சூப் குடிக்கிறேன். என் பெயரை அங்கே ஒருவர் கேட்டது நேற்றுதான்.

வயலின் உராய்ந்து தாடைக்கடியில் கொஞ்சம் சிவந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அங்கே வைத்துக்கொள்ள மெத்தென்று துணி வேண்டும். உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
ஷினேட்