பாரம் குறைக்க நாள் குறித்திருக்கிறேன், அக்கா

என்னோட ருக்மணியக்கா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அதனால்தான் தள்ளிப்போட்டேன். இப்போது இன்னொன்றையும் தள்ளிப்போட முடியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

என் சங்கடம் முழுசாகத் தெரிந்தது உனக்கு ஒருத்திக்குத்தான். எனக்குப் பதிமூன்று வயது இருக்கும். பெருமாட்டியில் நம்ம ஊட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய வேட்டியைக் கிழித்து என் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவாய். "மூச்சு முட்டுதா அம்மிணி?" என்று கேட்பாய். இல்லை என்று பொய் சொல்வேன். அப்படிக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தேன்.

இப்போது எனக்கு இருபத்தெட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர். போர்டில் நாலு வரி எழுதுவதற்குள் வலது கை மரத்துப்போகிறது. உள்பாடியின் வார் இரண்டு தோளிலும் பள்ளம் பறித்துவிட்டது. வெயில் காலம் வந்தால் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகிறது. துணியை மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நிற்கிறேன். குனிந்தே நடப்பதால் பிள்ளைகள் எனக்குக் 'கூன் டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதில் விழாது என்று நினைக்கிறார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் இவரைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். வயசானவர், தன்மையாகப் பேசினார். "இதைக் குறைக்க ஆபரேஷன் இருக்கும்மா. ஆனா அதுக்கப்புறம் குழந்தை பிறந்தா பால் இல்லாம போகலாம். ஒரு குழந்தை பெத்துட்டு வர்றது நல்லது. அதுவரைக்கும் தாங்குவீங்களா?"

கல்யாணமாகி ஆறு வருஷம். எந்தக் குழந்தைக்காக, இன்னும் எத்தனை வருஷம் தாங்குவது அக்கா?

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

ஆபரேஷனுக்குப் போன இடத்தில் நீ திரும்பாமல் போனதை இவர்தான் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டு வாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் இதுல இறங்க மாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வேலந்தாவளம் தாண்டின பிறகு, "கொழந்தை பொறந்தப்பறம் பாத்துக்கலாமே சரசு" என்றார்.

அத்தை என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இரண்டு நாள் கழித்து என் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது, மகன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்கள். "இவன் பொறந்தப்ப எனக்கும்தான் பாலில்ல. எருமைப்பாலக் குடிச்சுத்தான் வளந்தான். இப்ப என்ன கெட்டுப்போச்சு?" அன்றோடு இவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அவர் மனசுக்குள்ளும் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

காகிதம் கேட்டு முதலமடைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். மாமா மாந்தோப்பிலிருந்து வந்து, உன் சேலைகள் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அவளைத்தான் அனுப்பிப்போட்டோம். உன்னையுமா?"

அனுப்பியது அவர் இல்லையே அக்கா. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நீ இரண்டு தடவை மாட்டேன் என்றாய். ரத்தம் போய்ப் போய் வெளுத்துக் கிடந்தாய். "ஒண்ணும் ஆகாதுக்கா, நான் வெளியவேதான் உக்காந்திருப்பேன், போ" என்று உன்னை எழுப்பி அனுப்பியவள் நான். சொன்னபடி உட்கார்ந்துதான் இருந்தேன். இப்போது எனக்கு நானே "ஒண்ணும் ஆகாது" என்று எந்த வாயால் சொல்லிக்கொள்வது?

மாமா கடைசியில் கொடுத்தார். கிளம்பும்போது செல்வி வாசல் வரை வந்தாள். உன் மகளுக்கு வயது பதிமூன்று. அந்த வெயிலில் சட்டைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, தோளை ஒடுக்கி நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"சித்தி, எனக்கும் உங்களாட்டவே ஆயிருமா?"

"தெரியல கண்ணு. ஆனாலும் ஆகட்டும், இப்படிப் போர்த்திட்டு நிக்காத."

"ஆபரேஷனுக்குப் போனா நீங்களும் அம்மாவாட்ட வராமயே இருந்துருவீங்களா?"

அவள் தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

டாக்டர் உன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "மருந்து ஒத்துக்காம இல்லம்மா. அவங்க இதயத்துல வால்வு கெட்டிருந்திருக்கு. முன்னாடி யாரும் கண்டுபிடிக்கல போல." என் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கோளாறு இல்லை என்றார். உனக்கு அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது, உனக்கே தெரியாது. தெரியாமல் செய்தது என்று நீ சொல்வாய். அதைக் கேட்டு என் மனசு ஆறவில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் நீ நடுவில் நின்று மூச்சு வாங்குவாய். ரத்தம் குறைந்ததால் என்று நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிவு எடுத்துவிட்டேன் அக்கா. குழந்தைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஸ்கூல் அடைத்ததும் சித்திரையில் ஆபரேஷன். இவரும் "சேரி, போலாம்" என்றார். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. பயம் அப்படியே இருக்கிறது. சில நாள், ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லி டாக்டருக்குக் கார்டு எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி. உனக்கு இருந்த வால்வுக் கோளாறு மகளுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் செல்வியையும் ஒரு தடவை கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். என்னைப் படுக்க வைப்பதற்கு முன்னால் அவள் நெஞ்சைப் பார்த்தாக வேண்டும். அவளை அழைக்க வரும் ஞாயிற்றுக்கிழமை முதலமடைக்குப் போகிறேன். அவளுடைய அம்மாவைப் போகச் சொன்னது யார் என்பதை வேறு யாரும் சொல்லி அவள் கேட்க வேண்டாம். நானே சொல்லிவிடுவேன். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாலும், டாக்டர் முன்னால் அவளை உட்கார வைக்காமல் விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்விக்குச் சித்தி,
சரசு